முடியாது என்பதற்கு மரியாதையான சொல்

விஜயராணி மீது வந்த முதல் புகாருக்குக் காரணம் இரண்டே இரண்டு சொற்கள். மும்பை செம்பூரில் ஒரு பெரிய பள்ளியின் ஆறாம் நம்பர் பஸ்ஸில் அவள் அட்டெண்டன்ட். காலையில் குழந்தைகளை ஏற்றி உட்காரவைப்பதும், மதியம் அவரவர் வீட்டு வாசலில் நிற்கும் பெரியவர்களிடம் ஒப்படைப்பதும் அவள் வேலை. பஸ்ஸில் எல்லோரும் அவளை இந்தியில் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்கள். ஜனவரியில் ஒரு காலை, ஒரு குழந்தையின் தாய் தாமதமாக ஓடி வந்தார். தண்ணீர் பாட்டிலை மாடியிலேயே வைத்துவிட்டோம், எடுத்து வரும்வரை பஸ்ஸை நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேரமாகிவிட்டது அம்மா, மற்ற பிள்ளைகள் அடுத்த ஸ்டாப்பில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லத்தான் விஜயராணி நினைத்தாள். வாயில் வந்தது, "லேட். கோ." அன்று மதியமே புகார் போய்விட்டது. அட்டெண்டன்ட் முரட்டுத்தனமாகப் பேசுகிறாள், சிரிப்பதே இல்லை.

பஸ்களை நடத்தியது பள்ளி அல்ல, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. அதன் மேனேஜர் நகுல் பிப்ரவரி முதல் வாரத்தில் பன்னிரண்டு அட்டெண்டன்ட்களையும் பஸ் ஷெட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை வாசித்தார். ஜூனிலிருந்து ஏழு பேர் போதும். நான்கு சனிக்கிழமை டிரெய்னிங் நடக்கும். வேலையிடத்தில் மனிதர்களோடு எப்படிப் பழகுவது, பேசுவது, அதற்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் சொல்லித் தருவார்கள். கடைசிச் சனிக்கிழமை பரீட்சை. யார் இருப்பது, யார் போவது என்று அதில் தெரியும். வாசித்து முடித்துவிட்டு விஜயராணியைப் பார்த்து, "உன் மேல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்று இந்தியில் சொன்னார்.

தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பில் விஜயராணி குடும்பத்துக்கு ஓர் அறையும் மேலே ஒரு பரணும். கணவன் ராஜபாண்டி பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். தீபாவளிக்குப் பிறகு பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மிஷின் ஓடியது. பதினொரு வயது மகள் கோகிலவாணியின் படிப்பு இவள் சம்பளத்தை நம்பி இருந்தது. விஜயராணி எட்டாவது வரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இந்தி தெருவில் பழகியது. முப்பத்து நான்கு வயதுக்குப் பிறகு ஆங்கிலத்தை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிரெய்னிங் பள்ளியின் மழலையர் வகுப்பறையில் நடந்தது. பன்னிரண்டு பெண்கள் முழங்கால் மடங்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சொல்லித்தர வந்தவள் சாதனா. இருபத்தாறு வயதுதான் இருக்கும். விஜயராணியும் அவள் பக்கத்தில் இருந்த ஜுவைரியாவும் தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டு அருகே வந்தாள்.

"அக்கா, நாங்களும் தமிழ்தான். கோபர்கைரனேல இருக்கோம். பேசுவேன், படிக்க வராது. புரியலேன்னா என்கிட்ட தமிழ்லயே கேளுங்க."

நான்காம் நம்பர் பஸ்ஸின் அட்டெண்டன்ட் ஜுவைரியா தாராவியில் பிறந்து வளர்ந்தவள். டி.வி. பார்த்தே பாதி ஆங்கிலம் பேசுவாள். அவளுக்கு வகுப்பு விளையாட்டாக இருந்தது. விஜயராணி மகளின் பழைய நோட்டில் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். எம்பதி என்றால் அடுத்தவர் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைத்துப் பார்ப்பது. ஃப்ளெக்ஸிபிள் என்றால் வளைந்து கொடுப்பது. கோஆபரேட் என்றால் ஒத்துழைப்பது. எஸ்கலேட் என்றால் விஷயத்தை மேலே இருப்பவர்களிடம் கொண்டுபோவது.

"போட்டுக் குடுக்கதுன்னு எழுதிக்கோ ராணிக்கா, ஈசியா இருக்கும்" என்றாள் ஜுவைரியா.

இரண்டாவது சனிக்கிழமை நகுல் வந்து பின்னால் நின்று பார்த்தார். பிறகு அவராகவே முன்னே போய், போர்டில் பெரிதாக 'நோ' என்று ஆங்கிலத்தில் எழுதி அதன் மேல் ஒரு கோடு போட்டார். பேரன்ட்ஸ் நம் கஸ்டமர்கள், அவர்களிடம் இந்த வார்த்தை வரவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சாதனா டஸ்டரை எடுத்தாள். அழித்தாள். அந்த இடத்தில் 'அசெர்டிவ்' என்று எழுதினாள்.

"இது ரொம்ப முக்கியமான வேர்டு. கத்தாம, பயந்து ஒளியாம, சொல்ல வேண்டியத நேரா சொல்றது. முடியாதுன்னும் சொல்லலாம். மரியாதையா சொல்லணும். எல்லாரும் என்கூட சொல்லுங்க. ஐ அண்டர்ஸ்டாண்ட். ஐ ஆம் சாரி. ஐ கேனாட்."

எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாதனா ஒரு கோபக்காரத் தாயாக நடித்தாள். விஜயராணியின் முறை வந்தது. பதினொரு பேர் பார்க்கிறார்கள். இதில் ஐந்து பேர் போக வேண்டும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தாள். "லேட்" என்றாள். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி அறை முழுக்கப் பரவியது. அவள் வெளியே போய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டில் கோகிலவாணி உற்சாகமாகத் தாய் வேஷம் போட்டாள். கேனாட்டில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். ராஜபாண்டி சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, நீ இதெல்லாம் பேசப் போவாத. சிரிச்ச முகமா நின்னுட்டு வா. சிரிக்கவ மேல யாரும் எழுதிப் போட மாட்டாவ" என்றான்.

"சிரிக்க வந்தா சிரிக்க மாட்டேனா. அவ்வோ இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாலே எனக்குக் காலு ஆடுதுங்க."

அந்த மாத இறுதியில் ஒரு புதன்கிழமை. மதியம் இரண்டேகால் மணி இருக்கும். தேவ்னார் பக்கம் ஒரு உயரமான குடியிருப்பின் வாசலில் பஸ் நின்றது. இறங்க வேண்டியவள் மைரா, ஒன்றாம் வகுப்பு. வழக்கமாக அவளை அழைத்துப்போக அம்மிணி நிற்பாள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரி, அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். தினமும் விஜயராணியிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள். அன்று அம்மிணி இல்லை. வெளிர் நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் கார்.

"பப்பா" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே மைரா பஸ் படியில் குதிக்கப் போனாள். விஜயராணி அவள் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் புன்னகைத்தார். நான் மைராவின் தந்தை, நானிக்கு, அதாவது அம்மிணிக்கு, உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினார். குழந்தையை வாங்க வருபவர்கள் காட்ட வேண்டிய பள்ளி அட்டை அது. அதில் மூன்று படங்கள் இருந்தன. தாய், அம்மிணி, இவர். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழக்கத்தில் அவள் தன் ஃபைலைத் திறந்து மைராவின் பக்கத்தைப் பார்த்தாள். போன வாரம் ஆபீசில் அந்தப் பக்கத்தை மாற்றி வைத்திருந்தார்கள். புதிய தாளில் இரண்டே படங்கள். தாயும் அம்மிணியும்.

ஏன் மாற்றினார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அட்டை தொலைந்திருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"சார், ஓல்ட் கார்டு" என்றாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஆபீசின் தவறாக இருக்கும் என்றார். தயவுசெய்து ஃப்ளெக்ஸிபிளாக இருங்கள் என்றார். அந்தச் சொல் அவளுக்குப் புரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் வெறும் சத்தமாகக் காதில் விழுந்திருக்கும். இப்போது அவர் பேசப் பேச ஒவ்வொரு சொல்லும் நோட்டிலிருந்து எழுந்து வருவது போல வந்தது. கோஆபரேட் செய்யுங்கள். எம்பதி வேண்டாமா, நான் என் மகளைப் பார்த்து இருபது நாள் ஆகிறது. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கண் சிவந்திருந்தது. பொய் சொல்லும் முகமாக அது இல்லை.

இருபது நாள் என்றால் ஒரே வீட்டில் இல்லை. அவள் கண் காருக்குப் போனது. பின்சீட்டில் ஒரு பெரிய சூட்கேஸ். அதன் மேல் இன்னும் விலைச்சீட்டுப் பிரிக்காத சின்ன ரோஜா நிறப் பெட்டி, குழந்தைகள் இழுத்துப் போவது.

பஸ்ஸுக்குள் ஒன்பது பிள்ளைகள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தண்ணீர் கேட்டு அழுதான். டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பி, "கொடுத்துட்டு வா தீதி, அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவுல நமக்கு என்ன" என்று இந்தியில் சொன்னார். மைரா அவள் கையை உதறிக்கொண்டிருந்தாள். விஜயராணி அட்டையில் இருந்த தாயின் நம்பருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

அவர் ஒரு படி மேலே கால் வைத்தார். விஜயராணி மைராவைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"ஐ அண்டர்ஸ்டாண்ட் சார். ஐ ஆம் சாரி. ஐ கேனாட்."

அவர் முகம் மாறியது. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் பிடித்து நிதானமாகப் படித்தார். "விஜயராணி. ஓகே, விஜயராணி." இதை எஸ்கலேட் செய்யப் போகிறேன் என்றார். போனை எடுத்தார். மறுமுனையில் நகுலின் குரல். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ராணி, என்ன தகராறு? அவர் அப்பாதான், எனக்குத் தெரியும். குழந்தையைக் கொடு" என்றார் நகுல் இந்தியில்.

"சார், ஃபைல்ல அவர் படம் இல்ல சார்."

"நான் சொல்றேன்ல. ரெண்டாவது புகார் வேணுமா உனக்கு?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்துவிடலாம். மேனேஜர் சொன்னார், கொடுத்தேன் என்று முடித்துவிடலாம். ஆனால் குழந்தை அந்தக் காரில் ஏறிப் போன பிறகு நகுல் அப்படிச் சொல்லவே இல்லை என்றால்? இந்தப் போன்கூடத் தன்னுடையது இல்லை.

"சார், வாட்ஸ்ஆப்ல எழுதி அனுப்புங்க சார். குழந்தைய குடுன்னு ஒரு வரி. உடனே குடுத்துர்றேன்."

அந்தப் பக்கம் லைன் அறுந்தது. எந்த மெசேஜும் வரவில்லை.

வரவில்லை என்றதும் அவளுக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது. வாங்க ஆளில்லாத குழந்தையைப் பள்ளிக்கே திருப்பிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. அவள் டிரைவரைப் பார்த்து, "பாயி, கதவை மூடுங்க. ஸ்கூலுக்குத் திரும்புங்க" என்றாள். டிரைவர் முறைத்தார். அவர் எதற்காகப் பட்டனை அழுத்தினார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எரிச்சலில்கூட இருக்கலாம். கதவு மூடியது. வெளியே அந்த மனிதர் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தார். உள்ளே மைரா ஜன்னலில் முகத்தை வைத்து, பப்பா, பப்பா என்று வீறிட்டாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள்.

பள்ளிக்குப் பதினைந்து நிமிட வழி. வெள்ளைக் கார் பின்னாலேயே வந்தது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது. விஜயராணி மைராவைத் தன் மடியில் இறுக்கி உட்காரவைத்திருந்தாள். மைரா அவள் கையில் கடித்தாள். பற்கள் பதிந்த இடம் எரிந்தது. தப்புச் செய்துவிட்டேனோ, பெற்ற அப்பனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறேனோ, போலீஸ் வந்தால் தன்னைத்தானே பிடிப்பார்கள் என்று அவளுக்கு ஓடியது. கோகிலவாணி பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவருகே நிற்பாள். கார் ஒருமுறை பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தது. டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லி ஸ்டியரிங்கை ஒடித்தார். அதன் பிறகு வேகமாக ஓட்டினார்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் பஸ்ஸை மட்டும் விட்டுக் கேட்டை மூடினான். கார் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. பிறகு போய்விட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து மைராவின் தாய் வந்தார். ஒரு காலில் செருப்பின் வார் அறுந்திருந்தது. மீட்டிங்கில் போனைச் சத்தம் வராமல் வைத்திருந்தாராம். அவர் விஜயராணியிடம் கேட்டது ஒன்றுதான். "அவர் அவளைத் தொட்டாரா?" இல்லை என்றாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தோளுக்கு மேலிருந்து மைரா அவளைப் பார்த்து, "யூ ஆர் பேட், தீதி" என்றாள். அதுவும் புரிந்தது.

கூட வந்திருந்த அம்மிணி ஒரு நிமிடம் பின்தங்கினாள்.

"எனக்குப் போன் வந்துது. இன்னிக்கு மேடம் நேரா வந்து கூட்டிப் போவாங்க, நீ இறங்க வேண்டாம்னு ஒரு ஆம்பளக் குரல். ஆபீஸ்லேந்துன்னு நெனச்சேன். அந்தாளு கோர்ட்டுல கேஸ் போட்ருக்கார். குழந்தய அவர்கிட்ட விடக்கூடாதுன்னு கோர்ட்டே பேப்பர் குடுத்துடுச்சு. அத ஸ்கூல்லயும் குடுத்தாச்சே. உங்கிட்ட சொல்லலியா?"

"யாருமே சொல்லல" என்றாள் விஜயராணி.

அன்று வீட்டுக்குப் போனதும் ராஜபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "அவன் உன் பேரைப் படிச்சானா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். மறுநாள் காலை அவன் அவளை செம்பூர் வரை கொண்டுபோய் விட்டான். அதற்கு அடுத்த நாளும்.

மறுநாளே, வியாழக்கிழமை, அவளைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரின்சிபால், நகுல், டிரைவர். மேஜை மேல் ஒரு கடிதம். அந்தத் தந்தை எழுதியது. அட்டெண்டன்ட் தன்னை அவமதித்தாள், கதவைத் தன் கை மீது மூடப் பார்த்தாள், குழந்தைக்கு மன உளைச்சல். நகுல் முந்திக்கொண்டு, தன்னிடம் யாரும் போன் செய்யவில்லை, தான் குழந்தையைக் கொடுக்கும்படிச் சொல்லவே இல்லை என்றார். பிரின்சிபால் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஹார்ன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றார்.

எது நடக்கும் என்று அவள் பயந்தாளோ அதுவே நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் பேச முடியாமல் போய்விடும் என்று அடக்கினாள். பிரின்சிபால் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து இந்திக்கு மாறினார்.

"என்ன நடந்ததோ நீயே சொல்லு."

அவள் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நகுல் சொன்னதையும் சொன்னாள். எழுதி அனுப்பச் சொன்னதையும், எழுத்து வராததையும் சொன்னாள். சொல்லும்போது ஒருமுறைகூட நகுலைப் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் போய்விடும் என்று தெரியும். முடித்துவிட்டு ஃபைலைத் திறந்து, இரண்டு படங்கள் இருந்த தாளை மேஜை மேல் வைத்தாள்.

பிரின்சிபால் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "இந்தத் தந்தையைப் பற்றி ஆபீசிலிருந்து உங்களுக்கு மெயில் போயிருக்கிறது, மிஸ்டர் நகுல். பதினெட்டாம் தேதி. பார்த்தேன் என்று நீங்கள் பதிலும் போட்டிருக்கிறீர்கள்."

நகுல் மெயில்கள் நிறைய வருகின்றன என்றார். தாளை மாற்றச் சொன்னதாகவும், காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னார். போனைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. விஜயராணியை வெளியே அனுப்பிவிட்டார்கள். நகுல் வேலையில்தான் இருந்தார். அவள் மீதான இரண்டாவது புகாரைப் பதிவு செய்யவில்லை என்று மட்டும் பிறகு சொன்னார்கள். நன்றாகச் செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசிச் சனிக்கிழமைப் பரீட்சையில் அவள் பாதிச் சொற்களை மறந்துவிட்டாள். ஜுவைரியா எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல் வந்தபோது ஏழு பேரில் விஜயராணி ஆறாவது. ஜுவைரியாவின் பெயர் இல்லை. எப்போதோ நகுலிடம் எதிர்த்துப் பேசியவள் என்று ஜுவைரியா மீது ஒரு குறிப்பு இருந்ததாகச் சாதனா வருத்தத்தோடு சொன்னாள். விஜயராணிக்குத் தன் பெயரைப் பார்த்து நிம்மதி வரவில்லை. ஜுவைரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. பாண்டுப்ல ஒரு கிளினிக்ல ரிசப்ஷனுக்குக் கேட்டுருக்கேன். எனக்குத்தான் இங்கிலீஷ் வருமே" என்றாள் ஜுவைரியா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மைரா அதன் பிறகு பஸ்ஸில் வரவில்லை. ஏப்ரலில் ஒரு மதியம் அவள் தாய் ஷெட் வாசலில் காத்திருந்தார். அந்தப் புதன்கிழமை மாலை விமானத்துக்கு மைராவின் அப்பா இரண்டு டிக்கெட் எடுத்திருந்தது தெரியவந்திருக்கிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கி, கோர்ட்டில் வந்து நீங்கள் பார்த்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ராஜபாண்டி வேண்டவே வேண்டாம் என்றான். "பெரிய எடத்துச் சண்ட. அவங்க நாளைக்கு ஒண்ணாச் சேந்துக்கிடுவாவ. நாமதான் மாட்டுவோம்." அவன் சொல்வது சரி என்று அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாய்க்குப் போன் செய்து, பார்த்ததைச் சொல்கிறேன், பார்க்காததைக் கேட்கக் கூடாது என்றாள்.

குடும்ப நீதிமன்றத்தின் நான்காவது மாடி. நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சுகள். அந்த மனிதர் மூன்று பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். விஜயராணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஆனாலும் அவர் எப்போது கால் மாற்றிப் போடுகிறார் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது. உள்ளே நீதிபதி ஒரு பெண். எந்த மொழியில் சொல்ல விருப்பம் என்று கேட்டார். இந்தி என்றாள். மைராவின் தந்தையுடைய வக்கீல் அவளைக் குடைந்து குடைந்து கேட்டார். குழந்தை அப்பாவைப் பார்த்ததும் என்ன செய்தாள்? சந்தோஷமாகக் குதித்தாள் என்றாள். அவரிடம் போக அழுதாளா? அழுதாள், என்னைக் கடித்தாள் என்றாள். அப்படியானால் அவர் நல்ல தந்தைதானே? அது எனக்குத் தெரியாது, பெட்டி இருந்தது, பழைய அட்டை இருந்தது, அம்மிணி இல்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றாள்.

வெளியே வந்தபோது ராஜபாண்டி படிக்கட்டருகே நின்றிருந்தான். இருவரும் இரண்டு படி இறங்கியிருப்பார்கள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவர்தான். ராஜபாண்டி சட்டென்று அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

அவர் கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்பது போலக் காட்டினார். கேஸ் முடியும்வரை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இந்தக் கட்டிடத்திலேயே ஒரு அறையில் வைத்து அவர் மகளைப் பார்க்கலாம் என்று முடிவாகியிருந்தது. அவர் அவளிடம் இந்தியில் கேட்டார்.

"பஸ்ஸில் அவள் எங்கே உட்காருவாள்?"

விஜயராணிக்கு எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை. ராஜபாண்டி அவள் கையை இழுத்தான்.

"இடது பக்கம், மூணாவது சீட். ஜன்னலோரம்" என்றாள். "யாரையும் அங்க உட்கார விடமாட்டா."

அவர் தலையாட்டினார். திரும்பி மேலே ஏறிப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ராஜபாண்டி, "எதுக்குளா அவன்கிட்ட வாயத் தொறந்த?" என்றான். அவள் அதைச் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று தாராவி வந்து சேரும்வரை யோசித்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது, முன்னால் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன்தான் முதலில் இறங்கினான். அவள் கம்பியைப் பிடித்தபடி, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினாள்.